நாலாவது தூணில் ஒன்றுமில்லை

மத்தியானம் பன்னிரண்டு அடிக்கப்போகும் நேரத்தில், வலது தோள்பட்டைக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல எஸ்தர் ஞானமணிக்கு வலி ஆரம்பித்தது. சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டுச் சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றாள். மே மாதம். சென்னையில் வெயில் ஐம்பதைத் தொட்டிருந்தது. அவள் குவார்ட்டர்ஸின் கூரைக்கு நேர் மேலே, ஆட்டுத்தொட்டி வளைவு என்கிற, பக்கவாட்டில் வளைந்து போகும் இரும்பு ரயில் பாலம் அதே வெயிலில் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

வலி பாலத்தினுடையது, தோள் அவளுடையது. பதினான்கு வருஷமாக இந்தக் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நாசரேத்திலிருந்து மகள் பெனிட்டா.

“அம்மா, அடுத்த புதன்கிழமை காலையில பத்தரைக்கு கோயில்ல கல்யாண ஆராதனை. நீ வாரியா இல்லியா, ஒரே வார்த்தையில சொல்லு.”

“வாரேன்ட்டி.”

“நிச்சயத்துக்கும் இப்படித்தான் சொன்ன.”

“அன்னைக்கு பாலம் விடல. இப்ப எனக்குப் பதிலா ஆள் கெடச்சாச்சு. வெள்ளிக்கிழமை மாத்திருதாங்க. சனிக்கிழமை காலையில நான் ஒன் முன்னால நிப்பேன்.”

“மெட்ராஸ்லயே கல்யாணத்த வச்சிரலாமான்னு மாப்பிள்ள வீட்டுல கேட்டாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன். நான் எங்க வச்சு கல்யாணம் பண்ணணும்னு ஒன் பாலமா முடிவு பண்ணும்?”

பதில் சொல்வதற்குள் மகள் வைத்துவிட்டாள். எஸ்தருக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியை அவளே பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிணைச் சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கோ ஒரு நகரத்தில் ஒரு வளைவுப் பாலம் ரயிலோடு சேர்ந்து புரண்டு விழுந்தது. விசாரித்தபோது, பாலத்தில் வைத்திருந்த கருவிகள் மாதக்கணக்கில் கத்தியிருந்தது தெரிந்தது. கேட்க வேண்டியவர்கள் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். கருவி கத்தினால் மனிதன் தூங்குவான், சொந்த உடம்பு கத்தினால் தூங்க மாட்டான் என்று விசாரணைக் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, வளைவுப் பாலத்துக்குக் கையெழுத்துப் போடும் பொறியாளரின் முதுகில் உளுந்து அளவு மின்னணுச் சில்லு ஒன்றைப் பதித்தார்கள். பாலத்தின் இரும்பு எங்கே திணறுகிறதோ அதற்கேற்ற இடத்தில் அவர் உடம்பு திணறும். பாலத்திலிருந்து சில்லுக்கு வரும் சிக்னல் இருபது கிலோமீட்டர்தான் எட்டும். அதைத் தாண்டிப் போனால் ஜெயில். இன்னொருவர் அந்தப் பிணையை ஏற்றுக்கொண்டால் மட்டுமே விடுதலை.

இப்படிப்பட்டவர்களைப் பாலத்துக்கு வாக்கப்பட்டவர்கள் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்கள் யாரும் வளைவுப் பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. எஸ்தரின் கணவர் செல்வின் மூன்று வருஷம் கூட இருந்து பார்த்துவிட்டு, ஊர்ப்பக்கம் வேலை தேடிப் போய்விட்டார். மாதம் ஒருமுறை விருந்தாளியைப்போல வந்து போவார். தன் அம்மாவின் அடக்கத்தை எஸ்தர் போனில்தான் பார்த்தாள். மண் போடும்போது சிக்னல் போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தோள்பட்டைக்குக் கீழே பிழிகிற அந்த வலி நாலாவது தூணினுடையது. மூன்று கோடைக்கு முன்னால், அங்கே உத்திரத்தைத் தாங்கியிருந்த, தேய்ந்துபோன பேரிங்கை எடுத்துவிட்டுப் புதிதாக மாட்டினார்கள். அந்த வருஷம்தான் வலி ஆரம்பித்தது. அவள் உடனே புகார் கொடுத்தாள். ஆய்வுக்காரர்கள் வெயிலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே வந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள், பொங்கல் வடை சாப்பிட்டார்கள், பாலத்தில் குறையில்லை, பொறியாளருக்கு ஓய்வு தேவை என்று எழுதிவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் வலி இரண்டு மடங்கு. ஆனால் எஸ்தர் வாயைத் திறக்கவில்லை. புகாரில் இருக்கும் பாலத்தின் பிணையை மாற்ற முடியாது என்று ஒரு விதி உண்டு. புகார் தீர ஆறு மாதம் ஆகலாம், வருஷமும் ஆகலாம். புதன்கிழமை அதற்காகக் காத்திருக்காது.

மறுநாள் ஃபைசல் வந்தான். அவனும் பொறியாளன்தான், முப்பது வயது, புதிதாகக் கல்யாணமானவன். பிணை ஏற்பவருக்குப் பாலத்தடியில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ் உண்டு. சென்னையில் விற்கும் வாடகையில் அவனுக்கும் அவன் மனைவி நஸ்ரினுக்கும் அது பெரிய விஷயம்.

போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து பாலத்துக்குள் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது இவர்களிடையே ஒரு வழக்கம். அதற்குத் தோள் மாற்றுதல் என்று பெயர். சாமி பல்லக்குத் தூக்குகிறவர்கள் நடையை நிறுத்தாமல் தோள் மாற்றுவார்களே, அதிலிருந்து வந்தது. வளைவுப் பாலத்தின் உத்திரம் உள்ளே கூடாக இருக்கும், நீளமான இரும்புப் பெட்டி. அதற்குள் குனிந்தபடியே போக வேண்டும். ஒவ்வொரு தூணுக்கு மேலேயும் நின்று, போகிறவர் தன் உடம்பில் எங்கே எப்படி வலிக்கும் என்று சொல்ல வேண்டும். வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஐஸ் வைத்துத் தைத்த பனிச்சட்டை போட்டுக்கொண்டும் உள்ளே வேர்த்து ஊற்றியது. நிமிரவும் முடியாது, உட்காரவும் முடியாது. தலைக்கு மேல் வண்டி போனால் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

“மேடம், படிச்சதுதான், ஆனாலும் நீங்க சொல்லுங்க” என்றான் ஃபைசல். “நேர்ப் பாலத்துக்கெல்லாம் பிணை கிடையாது. இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பயப்படறோம்?”

“நேர்ப் பாலம் சாது. வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும், போன வழியே திரும்பி வந்துரும். வளைஞ்சது அப்படி இல்லப்பா. ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் அமுக்கும். எந்நேரமும் பொரண்டு படுக்கத்தான் பாக்கும். இதை ஒண்ணாம் தூண்ல மட்டும் ஆணி அடிச்ச மாதிரி கட்டிப் போட்டிருக்கோம். மத்த தூணெல்லாம் நகர விடும். எந்தப் பக்கமா நகரும், சொல்லு?”

“தண்டவாளம் போற பக்கம்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க.”

“தப்பா? பரீட்சையிலயும் அப்படித்தான் எழுதினேன். பாஸ் போட்டுட்டாங்களே.”

எஸ்தர் சிரித்துவிட்டாள். “நீ நிக்கிற எடத்துலேருந்து ஒண்ணாம் தூணுக்கு ஒரு கயிறை இழுத்துக் கட்டு. அந்தக் கயிறு போற கோட்டுலதான் இரும்பு நகரும். அதுக்கு வளைவு, தண்டவாளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பேரிங்ல ஒரு கைடு பட்டை இருக்கும், இந்தப் பக்கமாத்தான் நகரணும்னு வழி காட்டறதுக்கு. அது அந்தக் கயிறைப் பாத்து இருக்கணும். தண்டவாளத்தைப் பாத்து வெச்சா, மேசை டிராயரைக் கோணலா மாட்டின மாதிரிதான். வெளிய வரப் பாக்கும், வர முடியாது.”

இரண்டாவது தூணுக்கு வந்தார்கள். “இங்க மழைக்காலத்துல இடுப்புல ஒரு குத்து வரும்” என்றாள். அவன் திருப்பிச் சொன்னான். மூன்றாவதில், “வண்டி பிரேக் போட்டா இடது முழங்கால் விண்ணுன்னு தெறிக்கும்” என்றாள். அதையும் சொன்னான். சொல்லும்போது அவன் கை அவனை அறியாமல் முழங்காலைத் தடவியது.

நாலாவது தூணுக்கு மேல் வந்து நின்றபோது மணி பன்னிரண்டு. அவள் தோளைப் பிழிய ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வேர்வை என்று அவன் நினைத்திருப்பான். புதன்கிழமை காலை, நாசரேத் கோயில், வெள்ளைச் சேலையில் பெனிட்டா.

“நாலாவது தூண்ல ஒண்ணுமில்ல” என்றாள் எஸ்தர்.

“நாலாவது தூண்ல ஒண்ணுமில்ல” என்றான் ஃபைசல். “கீழ இறங்கி பேரிங்கைப் பாக்கலாமா மேடம்?”

“வேண்டாம். வெயில் அதிகம்.”

வெளியே வந்து பனிச்சட்டையைக் கழற்றும்போது அவன் மெதுவாகக் கேட்டான். “ரொம்ப வலிக்குமா மேடம்? நஸ்ரின் தினமும் கேக்கறா. என்ன சொல்றதுன்னு தெரியல.”

“வலிக்கும். நான் மொத மொதல்ல கேட்டப்போ, பழகிடும்னு சொன்னாங்க.”

“பழகிடுச்சா?”

“வீடு நல்லா இருக்கும். காத்து வரும்” என்றாள் எஸ்தர்.

அவன் போன பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் எவ்வளவு நம்பிக்கையோடு திருப்பிச் சொன்னான் என்பதே காதில் நின்றது. பொய்யை ஒருவன் இப்படி அட்சரம் பிசகாமல் வாங்கிக்கொண்டு போனால், சொன்னவளுக்கு எப்படித் தொண்டையில் இறங்கும்? மறுபடி ஏணியில் ஏறினாள். நாலாவது தூண்வரை தனியாகக் குனிந்து போய், தரையில் இருந்த மூடியைத் திறந்து, தூணின் தலைக்கு இறங்கினாள்.

புது பேரிங்கில் தூசி படாமல் இருக்க ரப்பர் உறை போட்டிருந்தார்கள். மூன்று வருஷமாக அதைத்தான் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷ வெயிலில் உறை வெடித்துக் கிழிந்து தொங்கியது. உள்ளே கைடு பட்டை தெரிந்தது. அது தண்டவாளத்தைப் பார்த்து இருந்தது. வரைபடத்தில் எஸ்தர் சரியாகத்தான் போட்டிருந்தாள். மாட்ட வந்த பொறியாளர் வரைபடத்தில் ஏதோ கோணலாக இருக்கிறது என்று நினைத்து, ரயில் போகும் பக்கமாகக் கண்ணால் பார்த்து ‘நேராக்கி’ வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பரீட்சையில் அவருக்கும் பாஸ் போட்டிருப்பார்கள். பட்டையின் ஒரு பக்கம் மட்டும் உரசி உரசிக் கண்ணாடியாக மின்னியது. பேரிங்கைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் ஒன்று தலையில்லாமல் நின்றது.

தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தால் இதெல்லாம் குளிர்ந்து, சாதுவாக, குறையில்லாமல் இருக்கும். மத்தியானம்தான் இது வெளியே போக முட்டி மோதும், போக முடியாமல் தன்னையே கிழித்துக்கொள்ளும். பாவமாக இருந்தது. பாலத்தைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை காலை முதல் வேலையாகத் தலைமைப் பொறியாளர் சுகந்தியின் அறைக்குப் போனாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், சில்லு வைத்த அன்று கட்டிலின் பக்கத்தில் நின்று “பழகிடும்” என்று சொன்னவர் இந்தச் சுகந்திதான்.

“மேடம், நாலாவது தூண்ல புகார் எழுதிக்கணும். கைடு தப்பா இருக்கு. ஒரு போல்ட் போச்சு. போட்டோ எடுத்திருக்கேன்.”

போட்டோவை மேசையில் வைத்தாள். இத்தோடு கல்யாணம் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். பெனிட்டா இனி ஒருக்காலும் மன்னிக்க மாட்டாள் என்றும் தெரியும்.

சுகந்தி போட்டோவை வெகுநேரம் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்னிக்கே சொல்லிடறேன் எஸ்தர். பிணையிலேருந்து போறவங்களுக்கு மட்டும் சொல்றது. உக்காருங்க.”

எஸ்தர் உட்கார்ந்தாள்.

“உங்க முதுகுல இருக்கிறது வெறும் சில்லு. அதுலேருந்து ஒண்ணும் வர்றதில்ல. முதல் வருஷம் மட்டும்தான் வேலை செஞ்சுது. ரெண்டு பேருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, ஒருத்தர் மாடியிலேருந்து குதிச்சுட்டார். பயந்துபோய் எல்லாத்தையும் அணைச்சுட்டோம். வெளிய சொல்லல.”

“அணைச்சுட்டீங்கன்னா?”

“எல்லாருடையதும். உங்களுது பதிமூணு வருஷமா செத்துக் கிடக்கு.”

எஸ்தருக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஏறியது. சிக்னல் போன அந்தக் குழிமேடு. விருந்தாளியாகிப் போன செல்வின். மகளின் பள்ளி ஆண்டு விழாக்கள். இத்தனைக்கும் வாசல் திறந்தேதான் இருந்திருக்கிறது. மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அந்தம்மாள் மேல் எறிந்தால் என்ன என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது.

“அப்போ என் வலி?”

“உங்களுது. நீங்க வடிவமைச்ச பாலம். எந்த நேரத்துல எந்த இரும்பு தவிக்கும்னு உங்களுக்கு மனப்பாடம். அதுக்கு அடியிலயே குடியிருக்கீங்க. மத்தியானம் அது முனகற சத்தம் உங்க சுவர் வழியா இறங்குது. காது கேக்குது, உடம்பு வலிக்குது. எனக்கும் ஒரு பாலம் இருந்துது எஸ்தர். அணைச்சது தெரிஞ்ச பிறகும் ரெண்டு வருஷம் எனக்கு இடுப்பு வலிச்சுது.”

“மனுஷங்களா நீங்கள்ளாம்?”

“அதுக்கப்புறம் ஒரு வளைவும் விழலையே” என்றார் சுகந்தி. அவர் குரலில் பெருமை இல்லை, களைப்புதான் இருந்தது. “கருவியை நம்பினோம், விழுந்துது. உங்க பயத்தை நம்பினோம், நிக்குது. நான் என்ன பண்ணட்டும்? நாளைக்கே உண்மையைச் சொன்னா அத்தனை பேரும் எழுந்து போயிடுவாங்க. போகணும்தான். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள அப்புறம் யார் குனிஞ்சு போவா?”

“இதுவரைக்கும் போனவங்க யாருமே சொல்லலையா?”

“புது ஆளுக்குப் பிணை வெச்ச பிறகுதான் பழைய ஆள் சட்டப்படி விடுதலை. புது ஆள் உண்மை தெரிஞ்சா படுப்பானா? அதனால யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க. பின்னாடி சொன்னா, தெரிஞ்சே படுக்க வெச்சவங்க ஆயிடுவாங்க. அப்பவும் சொல்ல மாட்டாங்க.”

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாற்போல் எஸ்தருக்குத் தலை சுற்றியது. சுகந்தி போட்டோவைத் திருப்பி அவளிடமே நீட்டினார்.

“இதை இன்னிக்கு நான் வாங்கினா, பாலம் புகார்ல விழும். மாத்தறது நிக்கும். புகார் தீர்ற வரைக்கும் ஆய்வுக்காரங்களோட நீங்க தினமும் நிக்கணும், கல்யாணத்துக்குப் போக முடியாது. நாளைக்கு ஃபைசல் பிணை ஏத்துக்கட்டும், அவர் புகார் கொடுக்கட்டும். புதுத் தோள் கொடுக்கிற புகாரை யாரும் ஒதுக்க முடியாது, அன்னிக்கே பாத்தாகணும்னு விதி. அதுவரைக்கும் வெயிலைக் காரணம் காட்டி வண்டிகளை ஊர்ந்து போகச் சொல்லிடறேன். ஒரு நாள்தானே.” சட்டென்று நிறுத்தினார். “தோள் மாத்தறப்போ நாலாவது தூணைப் பத்தி அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

சுகந்தியின் முகம் வெளுத்தது. “அப்போ அவருக்கு அங்க ஒண்ணும் வலிக்காது எஸ்தர். என்னிக்குமே வலிக்காது. நீங்க எங்க வலிக்கும்னு சொன்னீங்களோ அங்கதான் அவருக்கு வலிக்கும். சில்லை மாத்தறது சும்மா ஒரு சடங்கு. உண்மையில மாத்தறது அந்த நடையிலதான். போய் அதைத் திருத்துங்க.”

அந்த ஒரு நாளில் எஸ்தர் பலமுறை போனை எடுத்து ஃபைசலின் பெயர்வரை போனாள். முழு உண்மையைச் சொன்னால் அவன் படுக்க மாட்டான். அவள் போக முடியாது, பாலம் புகாரில் கிடக்கும், பெனிட்டா தாயில்லாதவளைப்போல மணமேடைக்கு நடப்பாள். சொல்லாவிட்டால் அவள் போகலாம், பாலமும் பிழைக்கும். ஃபைசல் ஒருவன்தான் மாட்டிக்கொள்வான். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வந்தது. சரியாக வந்ததுதான் அவளைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை பிணைக்கூடத்தில் இரண்டு கட்டில்கள் போட்டிருந்தார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். சுகந்தி சுவரோரமாக நின்றார். சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்திருந்த ஃபைசலின் அருகே எஸ்தர் குனிந்தாள். அவன் முதுகில் ஒரு மறுவும் இல்லை, சின்னப் பிள்ளையின் முதுகுபோல இருந்தது. இப்போது சொல்லிவிடலாம். எழுந்து ஓடு ஃபைசல் என்று ஒரு வார்த்தை.

“அன்னிக்கு ஒண்ணு மறைச்சுட்டேம்பா” என்றாள். “நாலாவது தூண்ல வலிக்கும். எல்லாத்தையும்விட அங்கதான் அதிகம். வலது தோள்பட்டைக்குக் கீழ, ஈரத்துணியைப் பிழியற மாதிரி. பகல் பன்னெண்டு மணிக்கு. திருப்பிச் சொல்லு.”

அவன் திருப்பிச் சொன்னான். தோள் லேசாகச் சுருங்கியது.

“வலிச்ச உடனே புகார் கொடு. ஆய்வுக்காரங்களைக் காலையில வர விடாதே. மத்தியானம் வந்து பாருங்கன்னு அடம் பிடி.”

“ஏன் மேடம் அன்னிக்கு சொல்லல?”

“புகாராயிட்டா மாத்த மாட்டாங்க. என் மக கல்யாணம்.”

அவன் தலையணையில் முகத்தை வைத்தபடியே சிரித்தான். “இதுக்கா இப்படிக் கலங்கறீங்க? உங்க எடத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. நல்லபடியா போய்ட்டு வாங்கக்கா.”

முதன்முறையாக அக்கா என்றான். எஸ்தர் பக்கத்துக் கட்டிலில் போய்ப் படுத்தாள். எடுத்த சில்லை ஒரு தட்டில் போட்டபோது டிங் என்று சின்னதாகச் சத்தம் கேட்டது.

அன்று மாலை ரயிலில் அந்த இருபது கிலோமீட்டரைத் தாண்டும்போது உடம்பில் ஏதாவது அறுபடும் என்று காத்திருந்தாள். ஒன்றும் அறுபடவில்லை. எதிர் சீட்டில் ஒருவர் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். சனிக்கிழமை நாசரேத்தில், மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து, அம்மாவுக்குப் புட்டு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பகல் பன்னிரண்டுக்குத் தோளைப் பிழிந்தது. எஸ்தர் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஆராதனை முடிந்து, கோயில் வளாகத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வின் கோட்டுக்குள் வேர்த்தபடி எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். எஸ்தரின் போன் அடித்தது. வேப்பமர நிழலுக்கு ஒதுங்கினாள்.

“அக்கா, ஃபைசல். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுப்பா. நீ எப்படி இருக்க?”

“நீங்க சொன்னது அப்படியே நடந்துதுக்கா. மொத நாளே பன்னெண்டு மணிக்கு பிழிஞ்சு எடுத்துடுச்சு. உடனே புகார் கொடுத்தேன். காலையில வரோம்னாங்க, விடல, மத்தியானமே கூட்டிட்டு போய் காட்டினேன். பாத்துட்டு ஆடிப் போயிட்டாங்க. ரெண்டாவது போல்ட்டும் விரிசல் விட்டிருந்துது. நேத்து வண்டியை நிறுத்திட்டு அந்தக் கைடை கேஸ் கட்டர் வெச்சு வெட்டி எடுத்தாங்க. பாலம் அப்படியே ஒரு பெருமூச்சு விட்டுதுக்கா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்லவே பயமா இருக்கு. நீங்க அன்னிக்கு சொல்லாம போயிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

எஸ்தர் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது முழுதாக இறங்குவதற்குள் அவன் மறுபடி பேசினான்.

“ஆனா ஒரு விஷயம்க்கா. கைடை வெட்டின பிறகு வலி போயிடும்னு நெனச்சேன். போகல. இன்னிக்கும் இதோ ஆரம்பிக்குது, அதே நேரத்துக்கு, அதே எடத்துல.” தயங்கினான். “நஸ்ரினோட தங்கச்சிக்கு ஆம்பூர்ல அடுத்த வாரம் நிச்சயம். என்னால வர முடியாதுன்னு சொன்னேன். இருபது கிலோமீட்டரைத் தாண்ட முடியாதே. அவ உள்ள போய் அழுதுட்டு வந்தா. இது எப்போக்கா சரியாகும்?”

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. எஸ்தரின் இடது கை தானாக வலது தோளுக்குப் போயிற்று. ஒரு வாக்கியம் போதும். சொல்லிவிட்டால் அவன் இன்றைக்கே மனைவியோடு ஆம்பூருக்குப் பஸ் ஏறலாம். சொல்லிவிட்டால், தெரிந்தேதான் படுக்க வைத்தீர்களா அக்கா என்று கேட்பான். நாளைக்குச் சொல்லலாம். சென்னைக்குத் திரும்பி, நேரில் பார்த்து, நிதானமாக.

“அம்மா!” பெனிட்டா வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். “எல்லாரும் ஒனக்காகத்தான் நிக்காங்க. வா!”

“அக்கா? கேக்குதா?”

“கேக்குதுப்பா” என்றாள் எஸ்தர். “பழகிடும்.”